செட்டிநாட்டு வீட்டுக்கு இணைய இணைப்பு: லினக்ஸ் பயன்படுத்துவோர் தேர்ந்தெடுக்கும் முறை

காரைக்குடியில் எங்கள் வீட்டு மடிக்கணினியிலிருந்து விண்டோஸை முழுவதுமாக நீக்கி டெபியன் என்னும் லினக்ஸ் வகையை நிறுவிய அதே மாதத்தில்தான் ஃபைபர் இணைப்புக்கும் விண்ணப்பித்தேன். இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் கம்பியை இழுத்து, பெட்டியைச் சுவரில் பொருத்தி, விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிவதைக் காட்டிவிட்டு, மடிக்கணினித் திரையைப் பார்த்ததும் தயங்கி நின்றார். "அண்ணே, இதுல விண்டோஸ் இல்லையே, நான் எப்படி டெஸ்ட் பண்ணி ஆபீஸுக்கு அனுப்புறது?" என்று கேட்டார். உலாவியைத் திறந்து ஒரு செய்தித்தளத்தைக் காட்டினேன். அது போதாது என்று அவருடைய அலுவலகம் தொலைபேசியில் சொன்னது. கடைசியில் தம்முடைய கைப்பேசியிலேயே வேகத்தை அளந்து, அந்தப் படத்தை அனுப்பி வேலையை முடித்தார். அன்று எனக்குப் புரிந்த ஒன்றை, புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன்: இணைய நிறுவனத்திடம் "லினக்ஸுக்கு ஆதரவு உண்டா" என்று கேட்பதால் பயன் ஏதும் விளைவதில்லை. பதில் சொல்கிறவருக்கு லினக்ஸைத் தெரியாவிட்டால் "இல்லை" என்று சொல்லிவிடுவார். விற்க வந்தவராக இருந்தால் "உண்டு" என்று சொல்லிவிடுவார். இரண்டுமே உங்களுக்கு உதவா.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இணைப்பு வீட்டுக்குள் வந்து முடியும் பெட்டியிலிருந்து வெறும் லேன் கம்பியும் வைஃபையும் கிடைக்கின்றனவா, உள்நுழைவு வேலை அனைத்தையும் அந்தப் பெட்டியே செய்துகொள்கிறதா என்பதைத்தான் உறுதிசெய்ய வேண்டும். அப்படியானால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருப்பது உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையா, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியா என்பது நிறுவனத்துக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வீடுகளுக்குத் தரப்படும் ரூட்டர்களில் மிகப் பலவற்றுக்குள் ஓடுவதும் லினக்ஸின் மைய நிரலான கருவேதான் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொண்டால், வீண் அச்சம் பாதி குறைந்துவிடும்.

முதலில் தெருவை விசாரியுங்கள்

செட்டிநாட்டில் நிறுவனத்தின் பெயரைவிடத் தெருவின் நிலைமைதான் முக்கியம். காரைக்குடியின் கடைத்தெருவில் சிறப்பாக இயங்கும் இணைப்பு, கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ அதே பெயரில் வேறு ஒருவருடைய பராமரிப்பில் இருக்கலாம். பி.எஸ்.என்.எல். ஃபைபர் பல ஊர்களில் உள்ளூர்ப் பங்காளர்கள் வழியாகவே வீடுகளுக்கு வருகிறது. கம்பி இழுப்பதும் அறுந்தால் ஒட்டுவதும் அவர்களுடைய பொறுப்பு. கேபிள் டிவி நடத்துபவர்களே பெரிய நிறுவனம் ஒன்றிடம் பேண்ட்வித் (இணையக் கொள்ளளவு) வாங்கி இணையமும் தருவதுண்டு. இந்தியாவில் இணையச் சேவை உரிமங்கள் நெடுங்காலமாக ஏ, பி, சி என மூன்று வகையாக வழங்கப்பட்டு வந்திருக்கின்றன: ஏ வகை நாடு முழுமைக்கும், பி வகை ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், சி வகை ஒரு தொலைபேசி மாவட்டத்துக்கும் உரியவை. காரைக்குடியே அப்படி ஒரு தொலைபேசி மாவட்டத்தின் தலையிடம். ஆகவே சிறிய நிறுவனம் என்பதற்காக ஒருவரை ஒதுக்கிவிட வேண்டாம். உரிமம் யார் பெயரில் இருக்கிறது, ரசீது யார் பெயரில் வரும் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரசீதே தராதவரிடம் இணைப்பு வாங்காதீர்கள். பின்னால் புகார் செய்ய வேண்டி வந்தால் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

இரண்டு வீடு தள்ளி இருப்பவரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் குறைகிறதா? கடைசியாகப் பழுதானபோது லைன்மேன் எத்தனை நாளில் வந்தார்? மின்சாரம் போனால் இணையமும் போகிறதா? இம்மூன்றுக்கும் கிடைக்கும் பதில்கள், எந்த விளம்பரத் தாளிலும் கிடைக்காதவை.

கம்பி எப்படி வருகிறது என்று பாருங்கள்

மூன்றாவது கேள்விக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. முறையான ஃபைபர் இணைப்பில் நிலையத்தில் ஒரு கருவியும் உங்கள் வீட்டில் ஓ.என்.டி. எனப்படும் ஒரு பெட்டியும்தான் மின்சாரத்தில் இயங்குகின்றன. இடையில் தெருவில் இருக்கும் பிரிப்பான்கள் ஒளியைப் பிரித்து அனுப்பும் கண்ணாடித் துண்டுகள் மட்டுமே. அவற்றுக்கு மின்சாரம் தேவையில்லை. நிலையத்தில் பேட்டரி இருந்து, உங்கள் பெட்டிக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். இருந்தால், மின்வாரியம் பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும் இணையம் தொடர்ந்து வரும். மாறாக, தெருமுனைக் கம்பத்தில் ஒரு பெட்டியை மாட்டி, அதிலிருந்து லேன் கம்பியை வீடுவீடாக இழுத்திருந்தால், அந்தப் பெட்டிக்கு மின்சாரம் போனவுடன் தெருவே துண்டிக்கப்பட்டுவிடும். லேன் கம்பி செம்பாலானது என்பதால் ஐப்பசி, கார்த்திகை மாத இடிமழையில் மின்னல் அதன் வழியே இறங்கி ரூட்டரையும், சில வேளைகளில் கணினியின் லேன் பொருத்தியையும் கருக்கிவிடக்கூடும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் யோசிக்காமல் ஃபைபரையே தேர்ந்தெடுங்கள்.

கம்பியே வராத ஊர்ப்புறத்தில் நான்காம் அல்லது ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக் கோபுரத்திலிருந்து இணையம் பெறும் வீட்டுக் கருவிகள் இருக்கின்றன. மாடியில் ஒரு வெளிப்பெட்டி, உள்ளே ஒரு ரூட்டர் என்று அமைப்பார்கள். லினக்ஸுக்கு இதுவும் வெறும் லேன் இணைப்பாகவே தெரியும். யு.எஸ்.பி.யில் செருகும் பழைய டேட்டா கார்டுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பல, முதலில் விண்டோஸ் மென்பொருள் அடங்கிய குறுவட்டைப் போலத் தம்மைக் காட்டிக்கொண்டு, அதன் பிறகே மோடமாக மாறுபவை. லினக்ஸில் அதற்கு யு.எஸ்.பி. மோட்ஸ்விட்ச் என்னும் தீர்வு உண்டு என்றாலும், புதியவர் அந்தத் தொல்லையோடு தொடங்க வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

முதலாவது, உள்நுழைவு முறை. பெரும்பாலான இடங்களில் பி.பி.பி.ஓ.இ. என்னும் முறை இருக்கும்; அதாவது ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் இணைப்பு திறக்கும். இவ்விரண்டையும் எழுத்தில் உங்களிடம் தருவார்களா என்று கேளுங்கள். "ரூட்டர்ல நாங்களே போட்டுடுவோம், உங்களுக்கு எதுக்கு" என்று சொன்னால் பொறுமையாக வற்புறுத்துங்கள். ரூட்டர் பழுதாகி வேறொன்று வாங்கும் நாளில் அந்தச் சீட்டு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது. லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரே இந்த முறையை அறியும்; ஆகவே ரூட்டரே இல்லாத நிலையிலும் மடிக்கணினியை நேராக இணைத்துச் சோதிக்கலாம்.

சில கேபிள் இணைப்புகளில் உலாவியில் ஒரு பக்கம் திறந்து, அதில் தினமும் உள்நுழைய வேண்டியிருக்கும். லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு மெய்யான இடையூறு இதுதான். உள்நுழைவு காலாவதியான பிறகு நீங்கள் மென்பொருள் புதுப்பிப்பை இயக்கினால், தொகுப்புகளுக்குப் பதிலாக அந்த உள்நுழைவுப் பக்கமே வந்து விழும்; புதியவரோ தம் உபுண்டு பழுதாகிவிட்டதாக நினைத்து அதை மறுபடி நிறுவத் தொடங்குவார். திரையே இல்லாமல் மூலையில் இயங்கும் ராஸ்பெர்ரி பை, உலாவியைத் திறப்பதற்கு வழியில்லாமல் நின்றுவிடும். இதற்கென விண்டோஸ் மென்பொருள் தரும் நிறுவனமாக இருந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னும் சிலர், முதன்முதலில் செருகப்பட்ட கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியோடு இணைப்பைக் கட்டிவைத்துவிடுவார்கள். அதன் பிறகு வேறு கணினியைச் செருகினால் இணையம் வராது. முதல் நாளே மடிக்கணினிக்குப் பதிலாக ரூட்டரைச் செருகச் சொன்னால் இந்தச் சிக்கலே எழாது. ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டால், நெட்வொர்க் மேனேஜரின் இணைப்பு அமைப்பில் பழைய கருவியின் மேக் முகவரியை நகல் முகவரியாக எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பொது ஐ.பி. எண்; அதாவது இணையத்தில் வெளியிலிருந்து உங்கள் இணைப்பை அடையும் முகவரி. பல நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரியும் வெளி ஐ.பி. எண் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் பங்கில் இருக்கிறீர்கள் என்று பொருள். 2012இல் இந்தத் தேவைக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்வரிசை அது. படம் பார்க்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் இதனால் குறையில்லை. ஆனால் சென்னையில் இருந்துகொண்டு காரைக்குடி வீட்டுக் கணினிக்குள் எஸ்.எஸ்.எச். என்னும் தொலைநுழைவு முறை வழியாக நுழையவோ, வீட்டுக் கேமராவை நேராகப் பார்க்கவோ நினைத்தால் வழி அடைபட்டிருக்கும். லினக்ஸ் கற்கிறவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் இந்த ஆசை வந்துவிடுகிறது என்பதால் முன்னமே சொல்கிறேன். நிலையான ஐ.பி. எண்ணுக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஐ.பி. பதிப்பு 6 தருகிறார்களா என்றும் கேளுங்கள். தந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரியே கிடைத்துவிடும். இரண்டும் இல்லையென்றால், வெளியே வாடகைக்கு ஒரு சிறு சர்வரை எடுத்து, வயர்கார்டு என்னும் பாதுகாப்பான இணைப்பு மென்பொருள் மூலம் வீட்டை அதனோடு இணைக்கலாம். 2020இல் வெளியான 5.6 பதிப்பிலிருந்து வயர்கார்டு லினக்ஸ் கருவுக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது, வேகமும் அளவும். விளம்பரத்தில் சொல்லும் 40 அல்லது 100 எம்.பி.பி.எஸ். என்பது பிட் கணக்கு. கோப்பின் அளவு பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். 6 ஜிபி அளவுள்ள ஒரு நிறுவல் கோப்பு 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் ஏறத்தாழ 20 நிமிடத்திலும், 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் 8 நிமிடத்திலும் இறங்கும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு 40 தாராளமாகப் போதும். இறக்கும் வேகத்துக்குச் சமமாக ஏற்றும் வேகமும் தருகிறார்களா என்பதைத் தனியே கேளுங்கள், ஏனென்றால் கோப்புகளைக் காப்புநகல் எடுக்கும்போது உங்களைக் காக்க வைப்பது ஏற்றும் வேகம்தான். பெரிய நிறுவனங்களின் பல திட்டங்களில் மாதம் சுமார் 3,300 ஜிபி என்னும் வரம்பு உண்டு. ஒரு குடும்பம் அதைத் தொடுவது அரிது. சிறிய திட்டங்களில் வரம்பு மிகக் குறைவாக இருக்கலாம். அதைத் தாண்டியபின் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லப்படும் கட்டணத்தில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. பொங்கலுக்கும் திருமணங்களுக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் இங்கே நிறைய. ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் மாதத் தொகை குறையும் என்பதற்காக அவசரப்பட வேண்டாம். இணைப்பைச் சில மாதங்கள் நிறுத்திவைத்து மீண்டும் தொடர வழியுண்டா, அந்தக் காலத்தில் ஓ.என்.டி. பெட்டியைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேளுங்கள். வீடு பங்காளிகளின் கூட்டுப் பெயரில் இருந்தால், முகவரிச் சான்றாக எதை ஏற்பார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வீட்டுக்குள் எங்கே வைப்பது

செட்டிநாட்டு வீட்டில் இணையத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நிறுவனமல்ல, சுவர். முகப்பில் பெட்டியை மாட்டிவிட்டு, வளவைக் கடந்து, இரண்டாங்கட்டுக்கும் அப்பால் அடுப்படிப் பக்கத்து அறையில் அமர்ந்து பார்த்தால் வைஃபை எப்படி வரும்? செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெருமளவு விழுங்கிவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தூரம் செல்லும் என்றாலும் வேகம் குறைவு. இதை அறியாமல் லினக்ஸின் வைஃபை இயக்கியைக் குறை சொல்லி வாரக்கணக்கில் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழி எளிது. ஓ.என்.டி. பெட்டி முகப்பிலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கம்பியை வளவின் தாழ்வாரம் வரை கொண்டுபோய், அங்கே இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்றை முற்றத்தைப் பார்த்தவாறு வையுங்கள். முற்றம் திறந்த வெளி என்பதால் அலை தடையின்றிப் பரவி, சுற்றியுள்ள அறைகளுக்கு ஒவ்வொரு சுவரை மட்டும் தாண்டினால் போதும் என்றாகிவிடும். லேன் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நீண்ட வீட்டுக்கும் அது போதும். கம்பிக்காகத் தேக்குத் தூணிலோ, பளிங்கு போன்ற சுண்ணாம்புப் பூச்சிலோ துளையிட யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்தப் பூச்சைத் திரும்பச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகக் குறைவு. ஓட்டுச் சாய்ப்பின் அடியிலும் சன்னல் ஓரத்திலும் கம்பியைக் கொண்டுசெல்ல இடம் எப்போதும் இருக்கிறது. ஃபைபரைக் கூர்மையாக மடிக்க மட்டும் கூடாது. மடிந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும்.

கணினியை ஆயத்தம் செய்தல்

இணைப்பு வரும் முன்பே, நீங்கள் நிறுவப்போகும் லினக்ஸை ஒரு பென்டிரைவிலிருந்து நேரலையாக இயக்கி, வைஃபை பட்டியல் தெரிகிறதா என்று பாருங்கள். இன்டெல் வைஃபை சில்லுகள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. பிராட்காம் சில்லுகளும், யு.எஸ்.பி. ரியல்டெக் சில்லுகள் சிலவும் கூடுதல் மென்பொருள் கேட்கும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், திறந்த மூலமல்லாத ஃபர்ம்வேரும் (சில்லுகளை இயக்கும் உள்மென்பொருள்) நிறுவல் கோப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டதால் இந்தத் துன்பம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அப்படியும் வைஃபை தெரியவில்லையென்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் அமைப்பில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதை எந்த இயக்கியும் கேட்காமல் லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அந்த இணைப்பின் வழியாக வேண்டிய தொகுப்புகளை இறக்கிக்கொள்ளலாம். ஃபைபர் அறுந்த நாளுக்கும் இதுவே மாற்று வழி.

இணைப்புத் தரும் நாள்

வருபவரிடம் இருக்கும் பவர் மீட்டரில் ஒளியின் அளவு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டி.பி.எம். வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால், அன்றைக்கு இணையம் வந்தாலும் மழைக்காலத்தில் விட்டுவிட்டு நிற்கும். அப்போதே ஒட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு மடிக்கணினியை லேன் கம்பியால் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, கட்டளைகளை எழுதும் டெர்மினலில் மூன்று சோதனைகள் செய்யுங்கள். பிங் கட்டளையால் முதலில் ரூட்டரின் எண்ணையும், அடுத்து 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்னும் வெளி எண்ணையும், கடைசியாக ஒரு தளத்தின் பெயரையும் அழையுங்கள். முதலாவதே தவறினால் குறை உங்கள் கம்பியிலோ கணினியிலோ இருக்கிறது. முதலாவது சரியாகி இரண்டாவது தவறினால் குறை பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம். எண் பதில் தந்து பெயர் மட்டும் தவறினால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையின் குறை, அமைப்பில் அதை மாற்றினால் தீர்ந்துவிடும். ரூட்டர் இல்லாமல் மடிக்கணினியை நேராக இணைத்திருக்கும்போது சில தளங்கள் மட்டும் திறந்து வேறு சில பாதியில் நின்றால், ஒரே பொட்டலத்தில் அனுப்பும் தரவின் உச்ச வரம்பான எம்.டி.யு. அளவை 1492 ஆக்கிப் பாருங்கள், பி.பி.பி.ஓ.இ. முறை ஒவ்வொரு 1500 பைட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். அன்று மாலையே ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

பழுது வந்தால்

உதவி மையத்தை அழைக்கும்போது லினக்ஸ் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். "எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறது, வீட்டில் கைப்பேசி, கணினி எதிலும் இணையம் இல்லை" என்று சொல்லுங்கள். சிவப்பு விளக்கு, ஒளியே வரவில்லை என்பதற்கு அடையாளம். அதைக் கேட்டபின் கணினியைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள். விளக்குகள் சரியாக இருந்தும் இணையம் வராதபோது, "ரூட்டரிலிருந்து வெளி எண்ணுக்குப் பிங் போகவில்லை" என்று சொன்னால், பேச்சை மேல்நிலைப் பணியாளரிடம் மாற்றுவார்கள். புகார் எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் வகுத்த முறைப்படி, புகார் மையத்தில் தீராதவற்றுக்கு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஓ.என்.டி. பெட்டிக்குச் சிறு யு.பி.எஸ். வாங்கும்போது, பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள்; பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும். நீங்கள் வெளியூரில் வேலை பார்க்க, ஊரில் ஆயாவும் ஐயாவும் மட்டும் இருக்கிற வீடாக இருந்தால், வாடிக்கையாளர் எண், பி.பி.பி.ஓ.இ. பெயரும் கடவுச்சொல்லும், லைன்மேனின் தொலைபேசி எண், எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்பது ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் தமிழில் எழுதி, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.